நம் முதுகுக்குள் இருக்கும் வடம்

(மூத்தோருக்கான சுகாதாரச் சந்திப்பில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்ல, மொழிபெயர்ப்பாளர். மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழிலும், நீங்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்வது என் வேலை. இன்றைக்குப் பேசப்போவதை மருத்துவர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கொண்டுவந்திருக்கிறேன்.

இந்த வேலையில் எனக்கு அதிகத் தொல்லை கொடுத்த சொல் 'நரம்பு'. தாதி இரத்தம் எடுக்க வருவார். "இந்தக் கையில் நரம்பு கிடைக்காது, அந்தக் கையில் பாருங்கள்" என்போம். அங்கே நாம் சொல்வது இரத்தக்குழாயை. கெண்டைக்காலில் பச்சையாகப் புடைத்துக்கொண்டு நிற்பதும் நமக்கு நரம்புதான். அதுவும் இரத்தக்குழாய். கழுத்தில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டால் "நரம்பு இழுக்குது" என்போம். அது பெரும்பாலும் தசை. யாழின் கம்பிக்கும் நரம்பு என்றுதான் பெயர். மருத்துவர் நரம்பு என்று சொல்லும்போது இவை எதுவும் இல்லை. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் உடம்பெங்கும் செய்தி கொண்டுபோகும், செய்தி கொண்டுவரும் இழைகளைத்தான் அவர் சொல்கிறார். இன்று நான் பேசப்போகும் நரம்பும் அதுதான்.

தண்டுவடம் என்பது முதுகெலும்பு இல்லை. முதுகெலும்புக்குள் ஒரு கால்வாய் இருக்கிறது. அதற்குள் பத்திரமாக ஓடும் வடம் அது. சுண்டுவிரல் தடிமன் இருக்கும். வளர்ந்த ஒருவருக்கு நீளம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். கால் நடப்பது, கை பிடிப்பது, சிறுநீரை அடக்குவது எல்லாமே அதன் வழியாகத்தான் நடக்கிறது.

இது எப்படி உருவாகிறது என்பதை இந்த வயதில் நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? இந்த உரையைத் தயாரிக்கச் சொன்னபோது நானும் இதைத்தான் கேட்டேன். பதில் போகப் போக உங்களுக்கே தெரியும்.

கரு உருவாகி மூன்றாவது வாரத்தில் அது ஒரு தட்டையான தகடு போலத்தான் இருக்கிறது. அதன் நடுவில் ஒரு பகுதி தடித்து, இரண்டு ஓரங்களும் மேலே எழும்பி, ஒன்றையொன்று நோக்கி வளைகின்றன. வெற்றிலையை நடுநரம்போடு பள்ளமாக்கி இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். அது போலத்தான். ஓரங்கள் சேர்ந்து ஒட்டிக்கொண்டதும் ஒரு குழல் கிடைக்கிறது. அதன் பெயர் நரம்புக்குழல். முன்பக்கம் மூளையாகவும் பின்பக்கம் தண்டுவடமாகவும் மாறுகிறது. மனிதருக்கு இந்தக் குழல் முழுவதும் மூடி முடிவது கருவுற்ற 28ஆம் நாள் வாக்கில்.

28 நாள் என்பதைக் கவனியுங்கள். பல பெண்களுக்கு அந்தச் சமயத்தில் மாதவிலக்கு தள்ளிப்போனதே சரியாகத் தெரிந்திருக்காது. தாய்க்கே தெரியாத நேரத்தில் பிள்ளையின் தண்டுவடம் மூடிவிடுகிறது. குழலின் கீழ்ப்பகுதி சரியாக மூடாமல் போனால், முதுகெலும்பில் பிளவோடு பிள்ளை பிறக்கும். கால் இயக்கமும் சிறுநீர்க் கட்டுப்பாடும் பாதிக்கப்படலாம். மேல்பகுதி மூடாவிட்டால் நிலைமை இன்னும் கடுமை. பிள்ளை உயிர் பிழைப்பதில்லை.

இதைப் பெருமளவு தடுக்கலாம் என்று உறுதியாகத் தெரிந்தது 1991இல்தான். பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் ஏழு நாடுகளில், முன்பே இப்படிப்பட்ட கர்ப்பம் ஏற்பட்டிருந்த பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் குறை மறுபடி வருவது 72 விழுக்காடு குறைந்தது. ஃபோலிக் அமிலம் ஒரு வைட்டமின். கீரையிலும் பருப்பிலும் ஃபோலேட் என்ற வடிவில் இருக்கிறது. இலைக்கான லத்தீன் சொல்லிலிருந்துதான் அதற்குப் பெயரே வந்தது.

இதில் நமக்குத் தெரிந்த ஒரு பொருளும் வருகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1920களின் கடைசியில் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு ஒருவகைக் கடும் இரத்தசோகை இருந்தது. பலவற்றைக் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் அதைக் குணப்படுத்தக் கண்டது மார்மைட். ஆமாம், நாம் கஞ்சியில் கலந்து குடிக்கும் அதே கறுப்புப் பசைதான். அதில் வேலை செய்தது ஃபோலேட் என்பது பின்னால் தெரியவந்தது. பம்பாயில் ஏழைத் தொழிலாளப் பெண்களிடம் தொடங்கிய வேலை, அறுபது ஆண்டு கழித்துப் பிள்ளைகளின் தண்டுவடத்தைக் காப்பாற்றுவதில் வந்து நின்றது.

ஆகவே வீட்டில் பேத்தியோ மருமகளோ பிள்ளை பெற்றுக்கொள்ள நினைக்கிறார் என்றால், கர்ப்பம் உறுதியாகும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. நீரிழிவு உள்ளவர்கள், வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள், முன்பு இந்தக் குறையுள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் ஆகியோருக்கு அளவு கூடலாம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். "முதல் மூன்று மாதம் யாருக்கும் சொல்லக்கூடாது" என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருங்கள், மருத்துவரிடம் மட்டும் போய்ச் சொல்லிவிடுங்கள்.

சரி, குழல் மூடிவிட்டது. அதன் சுவரில் இருக்கும் உயிரணுக்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அவற்றில் ஒன்று காலை அசைக்கும் நரம்பணுவாக வேண்டும், இன்னொன்று வலியை மேலே அனுப்பும் நரம்பணுவாக வேண்டும். எது எதுவாக வேண்டும் என்று யார் சொல்வது?

நீங்கள் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள். தாழ்வாரத்தின் ஒரு கோடியில் ஒரு வீட்டில் சாம்பல் வதக்குகிறார்கள் என்று வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கண் எரியும். நான்கு வீடு தள்ளி இருப்பவருக்குப் பசி வரும். கடைசி வீட்டுக்காரருக்கு ஒன்றுமே தெரியாது. வாசம் ஒன்றுதான், தூரம்தான் வேறு. கருவிலும் இதேதான் நடக்கிறது. குழலுக்குக் கீழே, வயிற்றுப் பக்கமாக, முதுகுநாண் என்ற தண்டு ஒன்று இருக்கிறது. அதுவும் குழலின் அடித்தளமும் ஒரு புரதத்தைக் கசியவிடுகின்றன. அந்தப் புரதம் அதிகமாகக் கிடைக்கும் உயிரணு ஒரு வகை நரம்பணுவாகிறது. கொஞ்சம் தள்ளி, நடுத்தரமாகக் கிடைப்பது தசையை இயக்கும் நரம்பணுவாகிறது. இன்னும் தள்ளி இருப்பவை வேறு வகைகளாகின்றன. எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதும் கணக்கில் சேரும். முதுகுப் பக்கத்திலிருந்து வேறு புரதங்கள் இதேபோல் கசிந்து, தொடு உணர்வையும் வலியையும் கையாளும் வகைகளை உருவாக்குகின்றன. கீழிருந்தும் மேலிருந்தும் வரும் இந்த இரண்டு வாசத்துக்கு நடுவில் 11 அடிப்படை வகை நரம்பணுக்கள் வரிசையாகப் பிறக்கின்றன. எலியிலும் ஆட்டிலும் நம்மிலும் முறை ஒன்றுதான்.

அந்தக் கீழ்ப்பக்கப் புரதத்தின் பெயரை மொழிபெயர்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சானிக் ஹெட்ஜ்ஹாக். உங்கள் பேரப்பிள்ளைகள் விளையாடும் கணினி விளையாட்டில் நீல நிறத்தில் ஓடுமே, அதன் பெயர்தான். முதலில் பழ ஈயில் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது கெட்டுப்போனால் ஈயின் புழு உடம்பெல்லாம் முள்ளாக இருந்தது. அதனால் முள்ளெலி என்று பெயர் வைத்தார்கள். பாலூட்டிகளில் அதன் உறவுக்கார மரபணுக்கள் கிடைத்தபோது, 1993இல், ஒன்றுக்கு விளையாட்டுத்தனமாக இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். தென்தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்தவர்கள் இங்கே இருந்தால் முள்ளெலியைப் பார்த்திருக்கலாம். முள்ளம்பன்றி வேறு, அது பெரியது.

பெயர் வேடிக்கைதான். விஷயம் வேடிக்கை இல்லை. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சில ஆட்டுக்குட்டிகள் நெற்றி நடுவில் ஒரே கண்ணோடு பிறந்தன. மேய்ப்பர்கள் பயந்துபோனார்கள். பல ஆண்டு தேடிய பிறகு காரணம் தெரிந்தது. சினையாகி 14ஆம் நாள் வாக்கில் தாய் ஆடுகள் ஒரு மலைச்செடியைத் தின்றிருந்தன. அந்தச் செடியில் உள்ள பொருள் இந்தப் புரதத்தின் செய்தியை அடைத்துவிடுகிறது என்பது அதற்கும் நெடுநாள் கழித்துத்தான் புரிந்தது. நாட்டு மருந்தானாலும் சரி, மூலிகையானாலும் சரி, கர்ப்பிணிக்குக் கொடுக்கும் முன் கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இப்படிப்பட்ட அனுபவங்களால்தான்.

பிறந்த நரம்பணு மறுபடி இரண்டாகப் பிரிவதில்லை. அது செய்யும் அடுத்த வேலை, ஓர் இழையை நீட்டுவது. நுனியில் கை போன்ற சிறு விரல்களோடு, தடவித் தடவி அந்த இழை போகிறது. ஸ்பெயின் நாட்டின் ரமோன் இ கஹால் 1890 வாக்கில் கருக்களின் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் பார்த்து இந்த நுனியை முதலில் விவரித்தார். அது எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பது நூறு ஆண்டு கழித்துத்தான் தெளிவாயிற்று. 1994இல், இழையை ஈர்த்து வழிகாட்டும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தவர்கள் அதற்கு நெட்ரின் என்று பெயரிட்டார்கள். 'வழிநடத்துபவர்' என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்த பெயர். 1943இல் சிங்கப்பூருக்கு வந்தாரே நேதாஜி, அந்த நேதாவும் இதே சொல்தான். உங்களில் சிலருடைய அப்பாவோ அம்மாவோ அவர் படையில் இருந்திருக்கலாம். தண்டுவடத்துக்குள் இருக்கும் நேதா, இடப்பக்க நரம்பணுக்களின் இழைகளை வலப்பக்கத்துக்கு அழைத்துப் போகிறார். முன்பெல்லாம் அடித்தளத்திலிருந்து தூரத்து ஈர்ப்பாக அது வேலை செய்கிறது என்று நினைத்தார்கள். 2017இல் சுண்டெலிகளில் செய்த ஆய்வுகள், வழியோரத்தில் இருக்கும் உயிரணுக்கள் கொடுக்கும் நெட்ரின்தான் முக்கியம் என்று காட்டின.

இழைகள் தசைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பது, எனக்குக் கொஞ்சம் மனத்தை வருத்திய பகுதி. தசையை இயக்கப் பிறந்த நரம்பணுக்களில் ஏறக்குறைய பாதி, பிள்ளை பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுகின்றன. வேண்டியதைவிட அதிகமாகப் பிறக்கின்றன. தசையிடமிருந்து போதிய ஊட்டம் கிடைத்தவை தங்குகின்றன. இந்த ஊட்டம் என்ற விஷயத்தை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் ரீட்டா லெவி-மோன்டால்சினி. இத்தாலியில் 1938இல் வந்த இனச் சட்டம், யூதப் பெண்ணான அவரைப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே தள்ளியது. அவர் டூரின் நகரில் தன் படுக்கையறையிலேயே ஆய்வுக்கூடம் அமைத்து, கோழிமுட்டைக் கருக்களை வைத்து வேலை செய்தார். நரம்பை வளர்க்கும் ஊட்டப் புரதம் ஒன்றைக் கண்டறிந்ததற்காக 1986இல் நோபெல் பரிசு கிடைத்தது. 103 வயதுவரை வாழ்ந்தார்.

தங்கிய நரம்பணுக்களுக்கு மேல் மயலின் என்ற கொழுப்புறை சுற்றப்படுகிறது. மின்கம்பிக்கு மேல் ரப்பர் போல. செய்தி விரைவாகப் போவது அதனால்தான். தண்டுவடத்தில் இது தாய் வயிற்றிலேயே தொடங்கினாலும், மூளையிலிருந்து காலுக்கு இறங்கும் பாதையில் பிறந்த பிறகும் நீண்ட காலம் நடக்கிறது. பிள்ளை ஒரு வயது வாக்கில் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கைக்குழந்தையின் உள்ளங்காலை ஓரமாகக் கீறினால் கட்டைவிரல் மேலே போகும். வளர்ந்தவருக்குக் கீழே மடங்கும். மருத்துவர் உங்கள் உள்ளங்காலைக் கீறிப் பார்த்தால் கிச்சுகிச்சு மூட்டுகிறார் என்று காலை இழுத்துக்கொள்ளாதீர்கள். வளர்ந்தவருக்கு விரல் மேலே போனால், மூளையிலோ தண்டுவடத்திலோ அந்தப் பாதையில் ஏதோ கோளாறு என்று அவருக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். மூன்றாம் மாதக் கருவில் தண்டுவடம் முதுகுக் கால்வாயின் அடிவரை நிறைந்திருக்கும். அதற்குப் பிறகு எலும்பு வேகமாக வளர்கிறது, வடம் மெதுவாக வளர்கிறது. அதனால் நமக்கெல்லாம் வடம் இடுப்பு எலும்புகளின் முதலாவது, இரண்டாவது மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் போல நரம்புகள் மட்டும் நீரில் மிதந்துகொண்டு தொங்கும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் முதுகில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். "தண்டுவடத்தில் குத்திவிட்டால் கால் போய்விடுமே" என்று கையெழுத்துப் போட மறுத்தவர்கள் பலருக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். ஊசி போடும் இடம் வடம் முடிந்த இடத்துக்கும் கீழே. எந்தச் சிகிச்சைக்கும் ஆபத்து அறவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மயக்கமருந்து மருத்துவரிடம் கேளுங்கள், படம் போட்டே காட்டுவார்.

இப்போது நம் வயதுக்கு வருகிறேன். தண்டுவட நரம்பணுக்களை உடம்பு புதிதாக மாற்றுவதில்லை. தோல் புதிதாக வருகிறது, இரத்தம் புதிதாக வருகிறது. ஆனால் உங்கள் காலை அசைக்கும் நரம்பணு, நீங்கள் தாய் வயிற்றில் இரண்டாம் மாதத்தில் இருந்தபோது பிறந்ததேதான். உங்களுக்கு 75 வயது என்றால், அதற்கு 75 வயதும் ஏழு மாதமும். அதன் மயலின் உறையைப் பராமரிக்க வைட்டமின் பி12 வேண்டும்.

என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதிலிருந்து சுத்த சைவம். நீரிழிவுக்குப் பத்து ஆண்டுக்கு மேல் மெட்ஃபார்மின் சாப்பிட்டு வந்தார். ஒருநாள், "கண்ணை மூடி முகம் கழுவினா தள்ளுது" என்றார். "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்றும் சொன்னார். மருத்துவரிடம் கூட்டிப்போனேன். படித்த பேத்தி, மொழிபெயர்ப்பே வேலை. 'தள்ளுது' என்பதை நான் 'தலைசுற்றல்' என்று மாற்றிச் சொன்னேன். பஞ்சு விஷயத்தை வயதானவர்கள் பேசும் பேச்சு என்று விட்டுவிட்டேன். மருத்துவர், நான் சொன்னதற்கு ஏற்றபடி, காதையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்தார். தலைசுற்றல் மாத்திரை கொடுத்தார்.

எட்டு மாதம் போயிற்று. பாட்டி குளியலறையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. அங்கே வந்த மருத்துவர் பாட்டியை நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். உடம்பு சாய்ந்தது. கால் விரலை மேலும் கீழும் அசைத்து, "எந்தப் பக்கம் அசைக்கிறேன்?" என்று கேட்டார். பாட்டிக்குத் தெரியவில்லை. இரத்தப் பரிசோதனையில் பி12 மிகக் குறைவு. கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் இழைகள் தண்டுவடத்தின் முதுகுப் பக்கமாக ஏறிப் போகின்றன. கால் விரலிலிருந்து மூளையின் அடிவரை போவது ஒரே உயிரணுவின் இழை. குழல் மூடும்போது அதன் விளிம்பிலிருந்து புறப்பட்டுப் போன உயிரணுக்களில் பிறந்தது. பி12 குறைந்தால் அந்தப் பாதையின் உறை பழுதாகும். கண் திறந்திருக்கும்போது கண் ஈடுகட்டும். கண்ணை மூடினால் தள்ளும். பாட்டி சொன்ன சொல் அவ்வளவு சரியான சொல்.

ஊசி போட்டார்கள். கையில் இருந்த மதமதப்பு போய்விட்டது. காலில் முழுவதும் போகவில்லை, இன்றும் தடி ஊன்றித்தான் நடக்கிறார். எட்டு மாதம் முன்பே தொடங்கியிருந்தால் இன்னும் நன்றாக மீண்டிருக்க வாய்ப்பு உண்டு என்றார் மருத்துவர்.

செடியிலிருந்து வரும் உணவில் பி12 கிடையாது. பால், முட்டை, மீன், இறைச்சியில் இருக்கிறது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைவது தெரியவே பல ஆண்டு ஆகும். சைவ உணவுக்காரர்கள், மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிடுபவர்கள், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நாள்கணக்கில் தொடர்பவர்கள் ஆகியோர் பலதுறை மருந்தகத்துக்கு அடுத்த முறை போகும்போது "பி12 பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள். நீங்களாக மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு ஆபத்து.

பேத்திக்கு வாங்கிய ஃபோலிக் அமிலத்தை "இரத்தம் ஊறும்" என்று நீங்களும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். பி12 குறைவாக உள்ளவர் ஃபோலிக் அமிலம் அதிகம் சாப்பிட்டால் இரத்தசோகை சரியானதுபோல் தெரியும். உள்ளே நரம்பு தொடர்ந்து கெடும். பரிசோதனையில் வெளியே தெரியும் அடையாளத்தை அது மறைத்துவிடும். என் பாட்டியின் மருந்துப் பையிலும் அந்தப் போத்தல் இருந்தது.

மருத்துவரிடம் போகும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதே சொல்லைச் சொல்லுங்கள். பஞ்சு, எறும்பு ஊர்வது, தள்ளுவது, எரிவது, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தது, எதுவானாலும் சரி. பக்கத்தில் நிற்கும் மகனோ பேத்தியோ மொழிபெயர்ப்பாளரோ அதைச் சுருக்கினால், "நான் சொன்னதை அப்படியே சொல்" என்று சொல்லுங்கள். எங்களுக்குக் கோபம் வராது.

வாசலில் இடப்பக்கம் தாதியர் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். மருந்துப் பையைக் கொண்டுவந்தவர்கள் அவர்களிடம் காட்டலாம். கண்ணை மூடி நிற்கும் சோதனையை அங்கேயே செய்து பார்ப்பார்கள், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் உண்டு. வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம்.